அந்தப் படத்தைப் பகிர்ந்த என் பிள்ளைகளுக்கு

என் பழைய மாணவர்களுக்கும் எங்கள் வீட்டு உறவுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள். கணக்கு டீச்சர் எழுதினால் கணக்கு வராமல் இருக்காது, அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளாக ஒரு படம் சுற்றுகிறது. படத்தில் இரண்டு கட்டை. பச்சைக் கட்டைக்கு மேலே 'மலைப் பள்ளிகள், சராசரி 50'. நீலக் கட்டைக்கு மேலே 'கீழே உள்ள பள்ளிகள், சராசரி 56'. அடியில் ஒரு வரி: "சலுகை மட்டும் போதுமா, மூளை வேண்டாமா?" பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் நாலு. எந்த வருடம், எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள், யார் எடுத்த கணக்கு என்று ஒரு எழுத்து கிடையாது.

முதலில் எங்கள் குடும்பக் குழுவில்தான் வந்தது. போட்டவன் என் தங்கை மகன். "பெரியம்மா, உங்க மலை ஆளுங்க கதையைப் பாருங்க" என்று எழுதியிருந்தான். எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அவன் மலைக்கு வந்ததே இரண்டு தடவை, அதுவும் பீமன் அருவியில் குளிக்க. அரை மணி கழித்து அதே படம் என் பழைய மாணவர்களின் குழுவில் வந்தது. போட்டவன் மலையில் பிறந்து, சாமைச் சோறு தின்று வளர்ந்து, என்னிடம் கணக்குப் படித்து, இன்றைக்கு ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறவன். "உண்மைன்னா ஒத்துக்கணும் டீச்சர், நம்ம பசங்களுக்கு வராது" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உறவுகளுக்கு ஒரு விஷயம் முதலில். நான் போளூர்க்காரி. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் எனக்கு வேலை வந்தபோது நம் வீட்டில் துக்க வீடு மாதிரி இருந்தது. "மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, மாத்தல் வாங்கிடலாம்" என்றார் அப்பா. நான் 26 வருஷம் இருந்தேன். அங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்றதும் கேரளத்துக்காரர்கள் என்று இன்னும் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி. பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்றுதான் அவர்களுடைய பழங்கதையே தொடங்கும்.

இனி படத்துக்கு வருகிறேன். அதில் இருக்கும் தில்லுமுல்லு கண்ணுக்கே தெரியும், கணக்கு வேண்டாம். கட்டைகள் 0இலிருந்து தொடங்கவில்லை, 45இலிருந்து தொடங்குகின்றன. அதனால் பச்சைக்கட்டையின் உயரம் 5, நீலக்கட்டையின் உயரம் 11. இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக நீலம் நிற்கிறது. 50க்கும் 56க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கா? பதினோரு பேரில் ஒருவர்கூட அந்த இடது ஓரத்து எண்ணைப் பார்க்கவில்லை. வரைபடத்துக்கு அளவுத்திட்டம் எழுதாமல் விட்டால் மார்க் குறைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா?

அது சின்னப் பித்தலாட்டம். பெரியது சராசரிக்குள் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு நானே 16 பிள்ளைகளை உண்டாக்குகிறேன். இவை யாருடைய மார்க்கும் அல்ல, கணக்குக்காக எழுதியவை. மலையில் 8 பேர்: 22, 31, 38, 45, 52, 60, 71, 81. கூட்டினால் 400, சராசரி 50. கீழே 8 பேர்: 30, 36, 44, 52, 59, 66, 75, 86. கூட்டினால் 448, சராசரி 56. படத்தில் இருக்கும் அதே 50, அதே 56.

இப்போது இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையில் 81 வாங்கிய பிள்ளை, கீழே உள்ள எட்டுப் பேரில் ஏழு பேரை முந்துகிறது. கீழே 30 வாங்கிய பிள்ளை, மலையில் ஏழு பேருக்குப் பின்னால் நிற்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவே ஐம்பத்துச் சொச்சம் மார்க் இடைவெளி. கூட்டங்களுக்கு இடையே 6. வீட்டுக்குள்ளேயே அத்தனை பெரிய பள்ளம் இருக்கும்போது, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற சின்ன வரப்பைக் காட்டி "பார், என்ன ஒரு வித்தியாசம்" என்கிறோம்.

இதை வாயால் சொன்னால் "டீச்சர் சமாளிக்கிறாங்க" என்பீர்கள். அதனால் செய்து பார்க்கலாம். 16 மார்க்கையும் 16 சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடி 8 சீட்டு எடுத்து ஒரு பக்கம், மீதி 8 இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சராசரி போடுங்கள். இப்போது மலையும் இல்லை, கீழும் இல்லை, வெறும் குலுக்கல். ஆனாலும் சராசரிகள் ஒன்றாக வராது. ஒரு தடவை 2 வித்தியாசம், ஒரு தடவை 9, ஒரு தடவை 13. திரும்பத் திரும்பச் செய்தால், 6 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வருவது பாதித் தடவைக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சொம்பே பாதித் தடவை செய்து காட்டுகிற ஒரு வேலையை, மூளையின் குறை என்று எழுதியிருக்கிறான் படம் போட்டவன்.

சொம்பு குலுக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் திட்ட விலக்கம் படித்தீர்களே, அது இதற்குத்தான். "இது எதுக்கு டீச்சர் வாழ்க்கையில உதவும்?" என்று கேட்ட தம்பி இப்போது திருப்பூரில் இருக்கிறான், அவனும் கவனிக்கட்டும். ஒவ்வொரு மார்க்கும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. புத்தகத்தில் 8ஆல் வகுப்போம். கையில் இருப்பது சின்ன மாதிரி என்றால் ஒன்று குறைத்து 7ஆல் வகுக்க வேண்டும். மலை வரிசைக்கு ஏறக்குறைய 20 வருகிறது, கீழ் வரிசைக்கு 19 சொச்சம். இந்தச் சிதறலையும் ஆள் எண்ணிக்கையையும் சேர்த்தால், வெறும் குலுக்கலில் இரண்டு சராசரிகளும் எவ்வளவு தூரம் ஆடும் என்பது கிடைக்கும். இங்கே அது 9.84. நம் வித்தியாசம் 6. 6ஐ 9.84ஆல் வகுத்தால் 0.61. இந்த 0.61க்குப் பெயர்தான் டி. எட்டு எட்டுப் பேர் இருக்கும் ஒப்பீட்டில் இந்த டி 2.14ஐத் தாண்டினால்தான் "இது சும்மா வந்திருக்காது போலிருக்கிறதே" என்று புள்ளியியல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 0.61க்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

அதே 6 மார்க் வித்தியாசம், ஆனால் சிதறல் இரண்டு பக்கமும் 4தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆட்டம் 2, டி 3. அந்த 6ஐ அலட்சியப்படுத்த முடியாது. சராசரி அதே, வித்தியாசம் அதே, தீர்ப்பு தலைகீழ். அதனால்தான் சொல்கிறேன், சிதறலும் எண்ணிக்கையும் இல்லாமல் இரண்டு சராசரியை மட்டும் எழுதி ஒருவன் நீட்டினால், அவனிடம் ஒரு செய்தியும் இல்லை.

இந்த டி கணக்கைக் கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று நினைக்க வேண்டாம். வில்லியம் காசெட். அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் என்று அவருக்குக் கிடைத்த மாதிரிகள் எல்லாம் நாலு, ஐந்து, பத்து என்ற அளவில்தான். ஆயிரக்கணக்கில் அளந்தால் சரியாக வரும் சூத்திரங்கள் அப்போதே இருந்தன, கைப்பிடி அளவை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு வழி இல்லை. 1908இல் அவர் அந்த வழியைப் போட்டார். ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட அனுமதி இல்லாததால் புனைபெயரில் வெளியிட்டார். என்ன புனைபெயர் தெரியுமா? 'ஸ்டூடன்ட்'. மாணவன். எனக்கு இந்தக் கணக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். அதை இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் அளவுக்கு விரித்துக் கொடுத்தவர் ரொனால்டு ஃபிஷர்.

சரி, இனி எதிர்க்கேள்வி. "டீச்சர், எட்டு எட்டுப் பேர்னு நீங்களே வெச்சுக்கிட்டீங்க. உண்மையில ஆயிரக்கணக்குல பிள்ளைங்க இருந்தா?" நல்ல கேள்வி. எண்ணிக்கை கூடினால் ஆட்டம் குறையும். அப்போது 6 மார்க் வித்தியாசம் நிச்சயம் நிஜமாக இருக்கலாம். வித்தியாசமே இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. டி 0.61 வந்தால்கூட 'இரண்டும் சமம்' என்று அர்த்தமில்லை, 'இதை வைத்துச் சொல்ல முடியாது' என்றுதான் அர்த்தம். ஆனால் எண்ணிக்கை கூடினால் இன்னொரு குழி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 80,000 பிள்ளைகள், சிதறல் 20 என்றால் ஆட்டம் 0.1 மட்டும். அரை மார்க் வித்தியாசத்துக்கே டி 5 வந்துவிடும். பேப்பரில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அரை மார்க்! விடைத்தாள் திருத்துகிறவருக்கு அன்றைக்குத் தலைவலி இருந்தால் போகிற அரை மார்க். வித்தியாசம் நிஜமா என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு பெரிது என்பது வேறு கேள்வி.

மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அதில்தான் என் தங்கை மகனும் ஓசூர்க்காரனும் சேர்ந்தே விழுந்தார்கள். வித்தியாசம் நிஜம், பெரியது என்றே வைத்துக்கொள்வோம். அது எதனால்?

சாமை விதைக்கிற எந்த மலைக்காரரிடமும் கேளுங்கள். ஒரு விதையை மேட்டுக் கொல்லையில் கல்லுக்கு நடுவே போட்டு, இன்னொரு விதையைத் தண்ணீர் தங்கும் பள்ளத்தில் போட்டு, அறுத்து அளந்து, "பள்ளத்து விதைதான் ஒசத்தி" என்று ஒருவன் சொன்னால் சிரிப்பார்கள். ஒரே கொல்லையை இரண்டாகப் பிரித்து இரண்டு விதையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார் என்பார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தல் சிறுதானிய மையத்தில் சாமை ரகங்களை ஒப்பிடுவதும் இந்த அடிப்படையில்தான். பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். விதைக்குக் காட்டும் இந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன் என்கிறோம்.

மனிதர்களிலும் இதை ஒழுங்காகச் செய்த இடம் உண்டு, அதுவும் நம் சென்னையில். 1956இல் அங்கே காசநோய் மருத்துவச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இப்போது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருக்கிறதே, அதன் ஆரம்பம். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்க்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்று உலகமே நம்பியது. ஏழை நாட்டில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் சானடோரியத்தில், இன்னொரு கூட்டம் சென்னையில் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், சராசரி எடையும் அவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியது. எடையை மட்டும் பார்த்திருந்தால் "சானடோரியம்தான் ஒசத்தி" என்று முடித்திருப்பார்கள். ஆனால் நோய் குணமாவதில் வீட்டிலிருந்தவர்கள் சொல்லும்படி பின்தங்கவில்லை. உலகம் முழுக்க காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து என்ற நிலை வந்ததற்கு அந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம்.

அவர்கள் ஏன் குலுக்கினார்கள் என்று யோசியுங்கள். குலுக்காமல் விட்டிருந்தால் வசதி உள்ளவர் ஒரு பக்கமும் இல்லாதவர் ஒரு பக்கமும் போயிருப்பார்கள். அப்புறம் வருகிற வித்தியாசம் இடத்தாலா, வசதியாலா என்று யாரும் பிரிக்க முடியாது. மலைப்பிள்ளை எது, கீழ்ப்பிள்ளை எது என்று யாரும் குலுக்கிப் போடவில்லை. மலைப்பிள்ளைக்கு மலையோடு சேர்ந்து வந்தவை என்னென்ன? நான் பார்த்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஓடை நிறைந்தால் பள்ளிக்கு வர வழி கிடையாது. சாமை அறுப்பு வந்தால் பாதி வகுப்பு காலி. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பாடம் கேட்ட பெண்கள் எத்தனை பேர். அறிவியல் ஆசிரியர் மாற்றல் வாங்கிப் போய், அடுத்தவர் வரும்வரை நான்தான் இரண்டு வருடம் அறிவியலும் நடத்தினேன், எனக்கே வராத வேதியியலை. அப்பா அம்மா வேலை தேடி வெளிமாநிலம் போய்விட்டால் பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் யார் பார்ப்பார்கள்? 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் நம் மலைப்பக்கத்துக் குடும்பங்களும் இருந்தன. அந்த ஏப்ரலில் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் மார்க்கும் ஏதோ ஒரு பச்சைக்கட்டைக்குள் சேர்ந்து சராசரியாகியிருக்கும். அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் மூளையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

இரண்டு கூட்டத்தின் சராசரியை எழுதி, வித்தியாசத்தை ரத்தத்தில் ஏற்றிச் சொல்வது இந்த மாகாணத்துக்குப் புதிதில்லை. எட்கர் தர்ஸ்டன் என்று ஒரு துரை. 1885இலிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கையில் அளவுகோலோடு மக்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம் என்று அளந்துகொண்டே போனார். ஒவ்வொரு சாதிக்கும் சில பத்துப் பேரை அளந்து ஒரு சராசரி. 1909இல் தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும் என்று ஏழு தொகுதிகள் வந்தன. மலையாளிகளைப் பற்றியும் அதில் உண்டு. அவர் காலத்திலேயே ரிஸ்லி என்ற இன்னொரு துரை, மூக்கின் சராசரி அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்டார். அந்தச் சராசரிகளைச் சுற்றி எவ்வளவு சிதறல், எத்தனை மூக்கு ஒன்றின் மேல் ஒன்று படிகிறது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

அந்த மாதிரி அளவுகளை வைத்துக்கொண்டு ஒழுங்காக யோசித்தவர் ஒரு வாத்தியார்தான். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் நடத்திய மகலனோபிஸ். 1936இல் அவர் ஒரு தூர அளவை வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் உள்ளே இருக்கும் யோசனை நாம் மேலே பார்த்ததுதான்: இரண்டு கூட்டத்தின் சராசரிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அப்படியே சொல்லாதே, கூட்டங்களுக்கு உள்ளே இருக்கும் சிதறலைக் கொண்டு அளந்து சொல். மூக்கை அளந்தவர்களின் காலத்திலேயே இதைக் கற்றுக்கொண்டிருக்கலாம். இன்றைக்குக் கையில் போன் வைத்திருப்பவர்களும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளையும் சும்மா விட மாட்டேன். படத்துக்குப் பதில் சொல்வதாக நினைத்து நாலு பேர், புலியூர் ஸ்ரீபதியின் போட்டோவைப் போட்டிருந்தீர்கள். 2024இல் சிவில் நீதிபதித் தேர்வில் தேறிய நம் மலையாளிப் பெண். எனக்கும் பெருமைதான், போட்டோவைப் பார்த்துக் கண் கலங்கியவள்தான் நானும். ஆனால் அது பதில் ஆகாது. ஒருவர் ஜெயித்ததால் மலைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அதையே திருப்பிக் காட்டுவார்கள். "அவளால முடிஞ்சுதே, உன்னால ஏன் முடியல?" என்று உங்கள் தங்கைகளையே கேட்பார்கள். கூட்டத்தின் சராசரி ஒரு ஆளைப் பற்றிச் சொல்லாது, ஒரு ஆளின் வெற்றி கூட்டத்தைப் பற்றிச் சொல்லாது. உங்கள் பக்கம் பேசுகிறது என்பதற்காக ஒரு தப்பான கணக்கைச் சரி என்று போட மாட்டேன்.

இவ்வளவு பேசுகிறவள் யோக்கியமா என்றால், இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் ஒரு ஆய்வுக் கூட்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு பள்ளியின் சராசரியையும் வாசித்து, கடைசியில் இருப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் நின்றேன். என் வகுப்பில் மொத்தம் 9 பிள்ளைகள். கணக்கில் சராசரி 46. 50 இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். ஒன்பது பேர் உள்ள வகுப்பையும் தொண்ணூறு பேர் உள்ள பள்ளியையும் ஒரே பட்டியலில் போட்டால் சின்ன வகுப்புகள்தான் மேலேயும் கீழேயும் தூக்கி அடிக்கப்படும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு டீச்சர். தெரியவில்லை, அல்லது அவமானத்தில் மறந்துபோனது.

திரும்பி வந்து வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டுப் பேர் சேர்ந்து 400, அதாவது சராசரி 50. ஒன்பதாவது பையன் 14. மொத்தம் 414, ஒன்பதால் வகுத்தால் 46. "இவன் ஒருத்தனால நாலு மார்க் போச்சு" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவனை நிற்க வைத்துக்கொண்டு. அந்தப் பையன் இரண்டு வாரம் வந்தான். அப்புறம் வரவில்லை. காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், அவன் அம்மா வெளியே வரவே இல்லை. அடுத்த வருடம் என் சராசரி கூடியது. அதே கூட்டத்தில் பாராட்டினார்கள். உட்கார்ந்தபடியே கேட்டேன்.

அவன் எதனால் 14 வாங்கினான் என்று அதற்கு முன்னால் நான் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. போன பிறகுதான் தெரிந்தது, தினமும் அவன் நடந்து வந்த தூரம் எவ்வளவு என்று.

ஓசூரிலிருந்து படத்தைப் போட்டானே, அவன் அந்த ஒன்பது பேரில் ஒருவன். முன் பெஞ்சு, ஜன்னல் பக்கம். சராசரியை வைத்து ஒரு ஆளை நிறுத்துத் தூக்கி எறியலாம் என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் வேறு எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை. நேற்று அவனுக்குப் போன் செய்தேன். "அந்த 414 ஞாபகம் இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்கு டீச்சர். எங்க எல்லாருக்கும் இருக்கு" என்றான். படத்தை எடுத்துவிட்டான். எடுத்தது பெரிசில்லை, தங்கை மகன் இன்னும் எடுக்கவில்லை.

தங்கை மகனே, உனக்கு ஒரு வேலை. அந்தப் படத்தை உனக்கு அனுப்பியவரிடம் கேள்: எத்தனை பிள்ளைகள், மார்க் எவ்வளவு சிதறி இருந்தது, எந்தப் பள்ளிகளைச் சேர்த்தார், எதை விட்டார். இருபது பாடத்தில் தேடி ஒரு பாடத்தில் மட்டும் வந்த வித்தியாசத்தைப் போட்டாரா என்றும் கேள். இருபதில் ஒன்று சும்மாவே வரும் என்பதுதான் இந்தச் சோதனைகள் வைத்திருக்கும் வழக்கமான வரம்பு. பதில் வந்தால் எனக்கு அனுப்பு, நானே உட்கார்ந்து டி போட்டுத் தருகிறேன். மலைக்குப் பாதகமாக வந்தாலும் இதே இடத்தில் எழுதுகிறேன். பதில் வராவிட்டால் படத்தை எடுத்துவிடு. பொங்கலுக்கு வரும்போது பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். 16 சீட்டு, ஒரு சொம்பு. மலை: 22, 31, 38, 45, 52, 60, 71, 81. கீழே: 30, 36, 44, 52, 59, 66, 75, 86. வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து 20 தடவை குலுக்குங்கள். இரண்டு பக்கத்துச் சராசரிக்கும் நடுவே 6 அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை வந்தது என்று கீழே எழுதுங்கள். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், திட்ட மாட்டேன். கட்டைவிரல் காட்டிய பதினோரு பேரும் முதலில் எழுத வேண்டும். பெயர் எல்லாம் என்னிடம் இருக்கிறது.